சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

அந்தச் சனிக்கிழமை விடியற்காலை கோலாலம்பூரிலிருந்து கிளம்பியபோது என் கைப்பையில் மூன்று தாள்கள் இருந்தன. முதல் தாளில் கோலா கங்சார் வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு. இரண்டாவதில் அம்மாவுக்கு எங்கள் வீட்டில் எந்த அறை, எந்தக் கிளினிக், வாரத்தில் எந்த நாள் யார் பார்த்துக்கொள்வது என்ற அட்டவணை. மூன்றாவது, வீட்டு முகவர் கொடுத்த பாரம். அதில் அம்மாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வானொலி வேலை பழக்கிய புத்தி இது. காலை நிகழ்ச்சியில் எந்த நிமிடம் எந்தப் பாட்டு, எப்போது விளம்பரம், எப்போது செய்தி என்று எல்லாவற்றையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுவோம். சில நொடிகள் சத்தம் இல்லாமல் போனாலே கட்டுப்பாட்டு அறையில் பதறிப்போவார்கள். பதின்மூன்று வருடமாக மௌனத்துக்குப் பயந்தே பிழைப்பு நடத்துகிறவள் நான். அம்மா நான்கு மாதமாகச் சொல்லிவந்த ஒரே பதிலை என்னால் தாங்க முடியவில்லை.

"ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்மா. சொல்றேன்."

அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அண்ணனும் நானும் பேசி முடிவெடுத்தோம். வீட்டை வாங்க ஆளும் வந்தாயிற்று. இதில் ஆண்டவரிடம் கேட்க என்ன இருக்கிறது?

நானும் ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவள்தான். நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரம் ஐந்தாம், ஆறாம் வசனங்களை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பென்சில் பெட்டி பரிசு வாங்கியிருக்கிறேன். கடவுளை நம்பி நட, உன் மூளையை மட்டும் நம்பி நிற்காதே என்பது அதன் சாரம். சின்ன வயதில் அது எளிதாக இருந்தது. வீட்டுக் கடனும் மருத்துவச் செலவும் வந்த பிறகு, அந்த மூளையைக் கொடுத்தவரும் அவர்தானே என்று வாதாடத் தோன்றுகிறது.

நில அளவையாளரின் கணக்கு

ஈப்போ வந்ததும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினேன். தோசையும் வெள்ளைக் காப்பியும் ஒரு காரணம். அப்பா எப்போதும் அந்த வழியாகத்தான் போவார் என்பது இன்னொரு காரணம்.

1895-இல் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளியைக் கடக்கும்போது வில்லியம் ஓல்டம் நினைவுக்கு வந்தார். நிகழ்ச்சி ஒன்றுக்காக அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1854-இல் பெங்களூரில் பிறந்தவர். தொழில், நில அளவை. அதை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்து, தனக்குத் தெரிந்த இந்தியாவில் தெரிந்த மக்களிடையே ஊழியம் செய்வதுதான் அவர் திட்டம். வந்து இறங்கினால், மெதடிஸ்ட் சபை அவர் பெயரைச் சிங்கப்பூருக்கு எழுதி வைத்திருந்தது. அங்கே அந்தச் சபைக்கு அப்போது எதுவுமே இல்லை.

அடி அடியாக அளந்து பழகிய மனிதர், அளவு தெரியாத இடத்துக்குக் கிளம்பினார். 1885 பிப்ரவரியில், பின்னாளில் பேராயரான தோபர்னோடு சிங்கப்பூரில் இறங்கினார். மறு வருடம் மார்ச் முதல் தேதி பதின்மூன்று பையன்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். மலாயா முழுவதும் பரவிய மெதடிஸ்ட் பள்ளிகளுக்கு அதுதான் தொடக்கம். ஈப்போ பள்ளியும் அந்த வரிசையில் வந்ததுதான். நம்மவர் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பள்ளிகளில் படித்தார்கள்!

நிகழ்ச்சியில் இந்தக் கதையை நெகிழ்ந்து நெகிழ்ந்து சொன்னேன். மறுவாரமே அம்மாவுக்கான அட்டவணையைப் போட்டேன். ஊருக்குச் சொல்வது வேறு, வீட்டுக்குச் செய்வது வேறு.

ஆயா சொல்லாத காரணம்

செம்மோர், சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலை. ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டங்கள். இப்போது செம்பனை, தாமான் வீடுகள், தொழிற்சாலைகள். அம்மாவின் அம்மா, எங்கள் ஆயா, இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் பால் வெட்டினார். லயம் இருந்த இடம் இன்று அடையாளம் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் ஒரு வளைவில் தலை தானாகத் திரும்பும்.

ஆயாவின் அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். சில மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி என்றார்களாம். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தது. போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆயாவின் அப்பாவும் திரும்பவில்லை. அப்போது ஆயாவுக்குப் பதினான்கு வயது.

தினமும் ஜெபித்தார்கள். பூட்டனுக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார்கள். வரவில்லை. நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தத் தட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம். நம்பினவர்களெல்லாம் பிழைத்தார்கள் என்று யாராவது சொன்னால் அது பொய். ஆயா அப்படிச் சொன்னதே இல்லை. "ஏன்னு எனக்குச் சொல்லல. ஆனா என்னை விட்டுப் போகல" என்பார். அவ்வளவுதான். காரணம் கேட்டால் மங்குகளைக் கழுவப் போய்விடுவார்.

யாரும் கேட்காத மரம்

பேராக் ஆற்றின் மேல் இஸ்கந்தர் பாலத்தின் இரும்பு வளைவுகள் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று பொருள். 1932-இல் திறந்த பாலம். கங்சார் ஆறு பேராக் ஆற்றில் கலக்கும் இடம்தான் கோலா கங்சார். பேராக் சுல்தானின் அரச நகரம். ஆனாலும் சத்தம் போடாத ஊர்.

அம்மா வாசலில் தயாராக நின்றார். கையில் துணிப்பை, தலையில் மல்லிகை.

"சாயோங் போகணும்மா. லாபு ஒண்ணு வாங்கணும்."

"அம்மா, முதல்ல அந்த பாரம்..."

"சாயந்திரம் பேசலாம்."

மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கும் அந்த வயதான ரப்பர் மரத்தருகே காரை நிறுத்தச் சொன்னார். எத்தனை முறை கடந்திருப்பேன், இறங்கிப் பார்த்ததில்லை. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது இங்கே, ஆங்கில ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான் என்கிறார்கள்.

நட்டு ஏறக்குறைய இருபது வருடம் இந்த மரத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. தோட்டக்காரர்களுக்குக் காப்பிதான் பெரிது. சிங்கப்பூர்த் தோட்டத்தில் ரப்பர் நடுங்கள் என்று விடாமல் சொன்ன ரிட்லியைப் பைத்தியம் என்றுகூடக் கேலி செய்தார்கள். அன்றைய அறிவாளிகள் போட்ட கணக்கில் ரப்பருக்கு இடமே இல்லை. பிறகு மோட்டார் வண்டி வந்தது, கணக்கு தலைகீழானது. நம் பாட்டன் பூட்டன்கள் கப்பல் ஏறினார்கள்.

"இந்த மரத்தாலதான் நம்ம இங்க இருக்கோம்" என்றார் அம்மா. அது நன்றியா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே வரும்.

கட்டியவர் பார்க்காத கோபுரம்

புக்கிட் சண்டான் மேட்டில் உபூடியா பள்ளிவாசலின் பொன்நிறக் குவிமாடம் வெயிலில் மின்னியது. ஈப்போ ரயில் நிலையத்தை வரைந்த ஹப்பக்தான் இதையும் வரைந்தார். எதிரே மர நிழலில் உட்கார்ந்து வெளியிலிருந்தே பார்த்தோம்.

இதன் கதை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். சுல்தான் இத்ரிஸ் நோயுற்றிருந்தபோது, குணமானால் ஒரு பள்ளிவாசல் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். 1913 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார். பிறகு தடை மேல் தடை. சுல்தானின் யானையும் ராஜா சூலானின் யானையும் சண்டையிட்டு, இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்களை மிதித்து நொறுக்கின. உலகப் போர் வந்து வேலையை இழுத்தடித்தது. 1916-இல் சுல்தான் காலமானார். பள்ளிவாசல் முடிந்தது 1917 கடைசியில். நேர்ந்துகொண்டவர் அதன் நிறைவைப் பார்க்கவில்லை.

உபூடியா என்றால் இறைவனுக்கு அடிமையாகத் தன்னை ஒப்படைப்பது என்று பொருள். யானைச் சண்டையை எந்த அட்டவணையில் எழுதி வைக்க முடியும் என்று யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"அவங்க வழி வேற, நம்ம வழி வேற. ஆனா முடிவைப் பார்த்தாதான் ஆரம்பிப்பேன்னு அவர் சொல்லல பாரு."

ஆற்றைத் தாண்டி

ஆற்றங்கரைக் கடையில் லக்சா சாப்பிட்டோம். ஊரின் பேரில் விற்கும் லக்சா, புளிப்பும் மீன் வாசமும் குறையாதது. பிறகு துறையில் படகு ஏறினோம். சாயோங் ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. பாலத்தைச் சுற்றிக் காரில் போகலாம். அம்மாவுக்குப் படகுதான். கலங்கிய செம்மண் நிறத் தண்ணீர், மெல்லிய காற்று. பத்து நிமிடம் கைப்பேசியை மறந்திருந்தேன்.

லாபு சாயோங் என்பது சுரைக்காய் வடிவில் செய்யும் கறுப்பு மண்கூஜா. அதில் ஊற்றிய தண்ணீர், நம் மண்பானைத் தண்ணீர் போலவே குளுகுளுவென்று இருக்கும். நாங்கள் போன பட்டறையில் வயதான மலாய்க்கார அம்மா ஒருவர், ஈரம் காயாத லாபு ஒன்றின் கழுத்தை விரலால் சரிசெய்துகொண்டிருந்தார். கொஞ்சம் கோணலாகத் தெரிந்ததும் தயங்காமல் அமுக்கி, மறுபடி எடுத்துக் கட்டினார். சூளையிலிருந்து எடுக்கும் சிவந்த பானையைச் சூட்டோடு உமியில் புதைத்துவிடுவார்களாம். அந்தப் புகைதான் கறுப்பு நிறத்தைக் கொடுக்கிறது.

எது விரியும், எது தேறும் என்று முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, சூளையைத் திறந்தால்தான் தெரியும் என்றார். நாற்பது வருடம் செய்கிறவர் சொன்ன பதில் அது.

எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போன கதை எங்களுக்கெல்லாம் பழக்கம். கையில் கெட்டுப்போன மண்ணைக் குயவன் வேறொரு பாத்திரமாகத் திரும்ப வனைவதைப் பார்த்து, கடவுள் தன்னிடம் பேசுவதை அவர் புரிந்துகொள்வார். பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கிழவியின் விரல்களைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. திரும்ப வனைவதெல்லாம் ஈரமண்ணில்தான் நடக்கும். சுட்ட பிறகு உடைக்கத்தான் முடியும்.

நான் நினைத்ததையே அம்மா வாய்விட்டுச் சொன்னார்.

"சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதுன்னு சொல்வாங்கல்ல? நீ உன் திட்டத்தைச் சுட்டு எடுத்துக்கிட்டு வந்திருக்க. நான் இன்னும் பச்ச மண்ணா உட்கார்ந்திருக்கேன். எப்படிம்மா ஒட்டும்?"

வாசற்படியில்

மாலை வீட்டு வாசற்படியில் தேநீரோடு உட்கார்ந்தோம். அம்மா இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கடவுளை நம்புவதால் மாத்திரையை நிறுத்துகிறவர் இல்லை அவர். மருத்துவரிடம் போகாதே, ஜெபம் போதும் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதனால்தான் இந்த வீட்டு விஷயத்தில் அவர் காட்டிய தயக்கம் எனக்குப் புரியாமல் இருந்தது.

"கேட்டீங்களே, என்னதான் பதில் வந்துச்சு?"

"போன்னும் வரல, போகாதேன்னும் வரல. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்ப மனசுல வந்துச்சு. பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லு."

"என்ன உண்மை?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குப் பயமா இருக்கு. விழுந்ததிலேர்ந்து ராத்திரி பாத்ரூம் போகவே பயமா இருக்கு. ஆனா அங்க வந்து உங்களுக்குப் பாரமாயிருவேனோன்னு அதைவிடப் பயம். ஜெபம் பண்றேன், ஜெபம் பண்றேன்னு சொல்லி அதை மறைச்சிட்டேன். அது தப்பு. இப்ப நீ சொல்லு. உனக்கு ஏன் இவ்ளோ அவசரம்?"

வாயைத் திறந்தேன். வீட்டின் விலை, தூரம், செலவு எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தன. எதுவும் வரவில்லை. வானொலியில் என்றால் அந்த இடைவெளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

அப்பா போன அன்று காலை நான் நிகழ்ச்சியில் இருந்தேன். கைப்பேசி அறைக்கு வெளியே பெட்டகத்தில். அழைத்த நேயர் ஒருவரோடு சிரித்துப் பேசி, அவர் கேட்ட குத்துப் பாட்டைப் போட்டேன். பத்து மணிக்கு வெளியே வந்து பார்த்தால் அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். அந்தப் பாட்டை இன்றுவரை முழுதாகக் கேட்க முடியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று மாலைதான் அம்மாவிடம் சொன்னேன்.

என் மூன்று தாளிலும் இல்லாத வரி அதுதான். இன்னொரு முறை அப்படி நடந்துவிடக் கூடாது, அம்மா என் கண்முன் இருக்க வேண்டும். அம்மாவின் வசதி என்று நான் போட்ட கணக்கெல்லாம் என் குற்ற உணர்வை ஆற்றிக்கொள்ளப் போட்ட கணக்கு. அதற்குக் கட்டம் போட்டு, கோடு போட்டு, அறிவு என்று பெயர் வைத்திருந்தேன்.

சின்ன வயதில் மனப்பாடம் செய்த வசனம் அன்று வேறு மாதிரி புரிந்தது. யோசிக்காதே என்று அது சொல்லவில்லை. நீ எதன் மேல் சாய்ந்திருக்கிறாய் என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. நம் அறிவு என்று நினைத்து நாம் சாயும் சுவர், பல நேரம் நம் பயம்தான். கடவுள் வழிகாட்டுவார் என்பதை, வானத்திலிருந்து பதில் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு பேரும் மறைத்து வைத்ததைச் சொல்லும் தைரியம் மட்டும்தான். இதற்குக் கடவுள் எதற்கு, மனம்விட்டுப் பேசினாலே போதுமே என்று நீங்கள் சொல்லலாம். நாங்கள் நான்கு மாதம் பேசாமல்தானே இருந்தோம்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அண்ணனும் வந்தார். ஒரு ஹார்ட்வேர் கடையில் கைப்பிடிக் கம்பி வாங்கிக் குளியலறையில் பொருத்தினார். மாதத்தில் முதல் இரண்டு வாரம் அம்மா எங்களோடு, மீதி நாள் இங்கே, இரவுத் துணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் என்று முடிவாயிற்று. வீடு இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை என்று முகவரிடம் சொல்லிவிட்டோம். ஆறு மாதம் கழித்து? தெரியாது. தெரியாது என்று எழுதும்போது இன்னும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

நீங்கள் கோலா கங்சார் போனால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் மரம், வெயில் ஏறுமுன் பள்ளிவாசல், மதியம் லக்சா, பிறகு சாயோங். லாபு வாங்கினால் மடியில் வைத்து எடுத்து வாருங்கள். கழுத்து மெல்லியது.

எங்கள் லாபு சமையலறை ஜன்னல் ஓரம் இருக்கிறது. காலை நிகழ்ச்சியில் கைப்பேசி இப்போது என் மேசை மேல், முகம் மேலே பார்த்தபடி இருக்கிறது. நிலையத்தில் அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். மூன்றாவது தாள் அம்மாவிடம். கையெழுத்தில்லாமல் அவருடைய வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.